விரதப் பசியும் டயட் பசியும் ஒன்றா?

ஓம் சரவணபவ.

ஐப்பசி நெருங்கினாலே நம்ம குரூப்பில் ஒரு கேள்வி தவறாமல் வந்துடும். "அண்ணா, சஷ்டி விரதம் இருந்தா வெயிட் குறையுமா?" கேட்கிறவங்களைச் சிலர் கிண்டல் பண்றாங்க. சிலர் "பக்தியை இப்படியா பார்ப்பீங்க?" என்று கோபப்படுறாங்க. எனக்கு ரெண்டுமே சரின்னு படலை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கி, கண்ணாடி முன்னாடி நிற்கவே பிடிக்காமல் இருக்கிற ஒரு பிள்ளை, தனக்கு நம்பிக்கை உள்ள இடத்தில் வந்து கேட்குது. இதில் கேலி பண்ண என்ன இருக்கு?

பதில் சின்னதுதான். குறையும். ஆறு நாள் பாலும் பழமும் மட்டும் என்றால் எடை இறங்கத்தான் செய்யும். அதில் நல்ல பங்கு வெறும் தண்ணீர். ஏழாம் நாள் திருக்கல்யாணம் முடிந்து இலை போட்டுச் சாப்பிட ஆரம்பித்ததும் அது திரும்ப ஏறிடும்.

ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வி ஒளிஞ்சிருக்கு. பசியைத் தாங்கினால் நான் நல்லவன், தாங்க முடியலைன்னா நான் மோசம், அப்படியா? டயட்டில் இருக்கிற நிறைய பேர் மனசுக்குள்ளே ஓடுறது இதுதான். வெளியே சொல்றதில்லை, அவ்வளவுதான்.

நானும் இப்போ டயட்டில்தான் இருக்கேன். கல்லீரலில் கொழுப்பு படிஞ்சிருக்குன்னு ஸ்கேனில் வந்தது, எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். 94 கிலோவில் தொடங்கி, ஏழு மாசத்தில் 85-க்கு வந்திருக்கேன். சஷ்டி விரதம் பத்து வருஷமா இருக்கேன். அதனால் ரெண்டு பசியும் எனக்குப் பழக்கம். வேடிக்கை என்னன்னா, ஆறு நாள் விரதத்தில் வர்ற பசி லேசா இருக்கும். சப்பாத்தி, பொரியல் எல்லாம் சாப்பிட்டு முடிச்ச பிறகும், டயட்டில் ராத்திரி பத்து மணிக்கு வர்ற பசி ஆளையே தின்னுடும். வயிறு அதேதான். ஏன் இப்படி?

விரதத்துக்குச் சங்கல்பம் ஒரு தடவைதான். காப்புக் கட்டியாச்சுன்னா பேச்சு முடிஞ்சது. சாயங்காலம் நாலு மணிக்கு யாரும் "சாப்பிடலாமா வேண்டாமா" என்று மறுபடி உட்கார்ந்து யோசிக்கிறதில்லை. டயட்டில் அந்த வழக்கு மணிக்கு ஒரு தடவை விசாரணைக்கு வருது. ஒரு பஜ்ஜிதானே, நாளைக்கு நடந்துக்கலாம். இன்னைக்கு ஆபீஸில் பர்த்டே, கேக் வேண்டாம்னா தப்பா நினைப்பாங்க. காலையில் கம்மியாத்தானே சாப்பிட்டேன். பசி பாதி களைப்பு என்றால், இந்த வாய்தா மீதிக் களைப்பு. அதனால் நான் செய்தது ஒன்றே ஒன்று. மறுநாள் என்ன சாப்பிடணும், எப்போ சாப்பிடணும் என்பதை முந்தின நாள் ராத்திரியே, வயிறு நிறைஞ்சிருக்கும்போதே முடிவு பண்ணிடுவேன். நாலரை மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டலும் மோரும். அது முடிஞ்சு போன தீர்ப்பு. பஜ்ஜி வாசனை வரட்டும், மேல்முறையீடு கிடையாது.

இன்னொன்று உடம்பு சம்பந்தப்பட்டது. பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் இரைப்பையில் சுரக்குது. 1999-இல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது அது ஏறும். சாப்பிடாமலே விட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிடும். திருச்செந்தூர்க் கடலில் நின்றவங்களுக்கு இது புரியும். வர்ற அலையோடு யாரும் சண்டை போடுறதில்லை. காலை ஊன்றி நின்றால் அது முழங்காலை நனைச்சுட்டுத் திரும்பிப் போயிடும். பசி வந்ததும் "ஐயோ, இது இப்படியே ஏறிக்கிட்டே போகும்" என்ற பயம்தான் நம்மைச் சமையலறைக்கு இழுக்குது. (ராத்திரி தூக்கம் குறைஞ்சாலும் மறுநாள் பசி கூடும். பதினோரு மணிக்குச் சாப்பாட்டு ரீல்ஸ் பார்க்கிறவங்க இதைக் கொஞ்சம் கவனிங்க.)

இதோடு நிறுத்திட்டா "மனசு வெச்சா எல்லாம் முடியும்" என்று பேசுறவங்க பட்டியலில் நானும் சேர்ந்துடுவேன். அது எனக்குப் பிடிக்காது. ஏன்னா அது உண்மையில்லை.

இரண்டாம் உலகப் போர் நேரம். 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தாங்க. மனுஷனைக் கொல்ல மாட்டோம் என்று மனசாட்சிக்காகப் போருக்குப் போக மறுத்தவங்க அவங்க. ஐரோப்பாவில் பட்டினி கிடக்கும் ஜனங்களுக்கு எப்படி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று தெரிஞ்சுக்கத் தங்கள் உடம்பையே கொடுத்தாங்க. இதைவிடச் சுத்தமான நோக்கம் வேற என்ன இருக்க முடியும்? அவங்களுக்கு 24 வாரம், நாளுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு போச்சு. அதைவிட மனசுக்கு நடந்ததுதான் பெரிசு. எரிச்சல், சோர்வு, எப்போதும் குளிர். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படிச்சாங்க, தட்டை நக்கினாங்க. தாங்க முடியாமல் ஒளிஞ்சு சாப்பிட்டதால் சோதனையிலிருந்து விலக்கப்பட்டவங்களும் உண்டு.

அவங்களுக்கு மனவுறுதி இல்லைன்னு யாராவது சொல்ல முடியுமா? நம்ம பசங்க செயலியைப் பார்த்து எடுத்துக்கிற டயட் பல சமயம் 1,200 கலோரி. அதிலும் கீழே இறங்குறவங்க இருக்காங்க. அந்த இளைஞர்கள் நம்மைவிட ஆஜானுபாகுவானவங்க, வாரம் 35 கிலோமீட்டர் நடக்க வெச்சாங்க, அதெல்லாம் சரி. கணக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் பத்தாவது நாள் ராத்திரி பிரிட்ஜைத் திறந்து நிற்கிற பிள்ளை, "எனக்கு வைராக்கியம் இல்லை, முருகன் என்னைக் கைவிட்டுட்டான்" என்று அழுதால், தப்பு அந்தப் பிள்ளையிடம் இல்லை. அந்தத் திட்டத்தில் இருக்கு. கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டு மெதுவாகக் குறைக்கிறது கோழைத்தனம் ஆகாது. நான் மாசம் ஒன்றேகால் கிலோதான் குறைச்சிருக்கேன். யாரும் கைதட்டலை, பரவாயில்லை.

அதனால் என் அபிப்பிராயம் இது, ஒத்துக்கணும்னு கட்டாயமில்லை. விரதத்தையும் டயட்டையும் ஒரே கணக்கில் எழுதாதீங்க. எழுதினா ரெண்டு பக்கமும் நஷ்டம். எடை குறையலைன்னா விரதம் பலிக்கலைன்னு தோணும். ஒரு லட்டு சாப்பிட்டா அது சாமி குத்தம் மாதிரி உறுத்தும். லட்டு வெறும் லட்டுதான். அதுக்கு அடுத்த வேளை சாப்பாட்டில் கொஞ்சம் குறைச்சுக்கலாம், அழத் தேவையில்லை.

போன வருஷம் ஒரு தங்கை தனியாக மெசேஜ் பண்ணியிருந்தாங்க. 48 நாள் விரதம் இருந்திருக்காங்க. முடிஞ்சு ரெண்டு வாரம் ஆகியும் நிறுத்தலை. வீட்டில் கேட்டா "இன்னும் வேண்டுதல் இருக்கு" என்று சொல்லிட்டு ஒரு வேளை மட்டும். "எல்லாரும் மெலிஞ்சுட்டே, அழகா இருக்கேன்னு சொல்றாங்கண்ணா. ஆனா இப்போ சோத்தைப் பார்த்தாலே பயமா இருக்கு."

அதைப் படிச்சதும் எனக்குக் கை நடுங்கிடுச்சு. நான் எழுதின பதில் ரெண்டு விஷயம்தான். முதலில், அம்மாகிட்ட உண்மையைச் சொல்லி அவங்களோடு டாக்டரைப் பாருங்க. சாப்பாட்டைப் பார்த்துப் பயப்படுறது ஒரு நோய், அதுக்கு வைத்தியம் இருக்கு. ரெண்டாவது, விரதத்தில் பாரணைன்னு ஒன்று உண்டு. நோன்பை முறையாக முடித்துச் சாப்பிடுவதும் விரதத்தில் ஒரு அங்கம். பாரணை பண்ணாமல் இழுத்துக்கிட்டே போறதுக்கு முருகன் பேரை வைக்காதீங்கம்மா.

அந்த பாரணை என்ற ஒரு வார்த்தையை நான் இப்போ டயட்டுக்கும் பிடிச்சுக்கிட்டேன். எடை குறைஞ்ச பிறகு எப்படிச் சாப்பிடப் போறோம் என்று முதல் நாளே தெரியாத டயட்டை நான் எடுக்கிறதில்லை. வாழ்நாள் முழுக்க சோறு தொடமாட்டேன் என்று சபதம் போடுறவங்களைப் பார்த்தா எனக்குச் சிரிப்புத்தான் வருது. தஞ்சாவூர்க்காரன் எத்தனை நாள் தாங்குவான்? அதே மாதிரி, சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காமல் எந்தப் பட்டினியும் இருக்காதீங்க, அது விரதமானாலும் சரி. சர்க்கரை திடீர்னு இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

பசியைப் பத்தி வள்ளுவர் ஈகை அதிகாரத்தில் ஒரு குறளில் சொல்லியிருக்கிறது பலருக்குத் தெரியும். பசியைப் பொறுத்துக்கிறவங்களோட வலிமை பெரிசுதான், ஆனால் அடுத்தவன் பசியைத் தீர்க்கிறவன் வலிமைக்கு அது பின்னாடிதான் நிற்கும் என்கிறார். நாம் தலைகீழாகப் போட்டு வெச்சிருக்கோம். எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருந்தேன்னு ஸ்டேட்டஸ் போடுறோம்.

கிருத்திகைக்குக் கிருத்திகை எங்க ஊர்க் கோயில் அன்னதானத்தில் நான் சாம்பார் வாளி தூக்குறேன். டயட் தொடங்கின பிறகும் விடலை. நண்பன் கேட்டான், "பசியோட சோறு போடுறது கொடுமையா இல்லையாடா?" இல்லை. அந்த ரெண்டு மணி நேரம் என் பசி ஞாபகத்துக்கே வர்றதில்லை. பந்தியில் ஒரு பாட்டி வருவாங்க. ஒரு தடவை சாப்பிட்டு, ராத்திரிக்குன்னு ஒரு பொட்டலம் கேட்பாங்க. அவங்க பசிக்குச் சங்கல்பமும் இல்லை, கடைசித் தேதியும் இல்லை. அதுக்காக நாம டயட் இருக்கிறதைப் பாவம்னு நினைக்கணும்னு நான் சொல்ல வரலை. நான் சோத்தை வயித்துக்குள்ளே திணிச்சா பாட்டிக்கு நிறையப் போறதில்லை. ஆனா அவங்களைப் பார்த்த பிறகு என் ராத்திரி பத்து மணிப் பசியை ஒரு பெரிய தியாகமா ஸ்டேட்டஸ் போட எனக்குக் கை வர்றதில்லை.

கடைசியில் பிரசாதமா சர்க்கரைப் பொங்கல் கொடுப்பாங்க. ஒரு தொன்னை வாங்கிக்குவேன், கலோரி பார்க்க மாட்டேன். ரெண்டாவது தொன்னையைப் பாட்டி பொட்டலத்தோடு வெச்சுடுவேன்.

வேலும் மயிலும் துணை.