காற்றின் பங்கு

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் கிழக்கு நோக்கி நடப்பவன் தன் வேகம் முழுவதும் தன்னுடையது என்று நம்பிவிட முடியும். திரும்பி மேற்கே பத்தடி வைத்தால் நம்பிக்கை போய்விடும். முப்பந்தலில் அந்தக் காற்றை யூனிட் கணக்கில் விற்கிறார்கள். ஓடுதளத்தில் அதற்கு வேறு கணக்கு.

2022 ஏப்ரலில் கோழிக்கோட்டில் ஜோதி யர்ராஜி நூறு மீட்டர் தடை ஓட்டத்தை 13.09 விநாடியில் முடித்தார். அனுராதா பிஸ்வால் 2002இல் ஓடிய 13.38 இருபது வருஷமாகத் தேசிய சாதனையாக அசையாமல் இருந்தது. ஆனால் அன்று பின்காற்று விநாடிக்கு 2.1 மீட்டர், விதி அனுமதிப்பது 2.0. சாதனை இல்லை என்றார்கள். அடுத்த மாதம் சைப்ரஸின் லிமசோலில் 13.23, காற்று வரம்புக்குள். மெதுவாக ஓடியது ஏட்டில் ஏறிற்று. (2020இல் மூடபித்ரியில் ஓடிய 13.03, ஊக்கமருந்துச் சோதனை நடக்காததால் முன்பே விழுந்துபோயிருந்தது.)

அநியாயம் என்று சொல்லிவிடுவது சுலபம். காற்றுமானி ஓடுதளத்தின் ஓரத்தில் ஒரே இடத்தில் நிற்கிறது. 13 விநாடிகளின் சராசரியைச் சொல்கிறது. மிச்சப் பின்னத்தை அடுத்த தசமத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். தவிர, தடை ஓட்டத்தில் பின்காற்று வெறும் உதவியுமல்ல. தடைகளுக்கிடையே 8.5 மீட்டர், மூன்றே எட்டு. காற்று தள்ளினால் அடுத்த தடை முகத்துக்கு வந்துவிடும். அதைச் சமாளித்ததும் அவர் திறமைதான். எதிர்காற்றில் இழந்ததையோ எந்த விதியும் திருப்பித் தருவதில்லை.

இருந்தும் என் மனம் விதியின் பக்கமே சாய்கிறது. அன்றைய வெற்றியை யாரும் பறிக்கவில்லை. உடன் ஓடியவர்கள் முதுகிலும் அதே காற்றுதானே. ஆக, இருப்பவர்களோடு வைத்துப் பார்க்கையில் அந்த ஓட்டம் செல்லும். இல்லாதவரோடு வைக்கும்போதுதான் செல்லாது. 2002இன் பிஸ்வால் கோழிக்கோட்டுக்கு வந்து அந்தக் காற்றில் ஓட முடியாது. வாதாட வர முடியாத கட்சிக்காக விதி பேசுகிறது. தார்மீகம் என்று நாம் பெரிதாகச் சொல்வதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்கு அகப்படவில்லை. நண்பர்களின் மதிப்புரைக் காற்றில் முன்னோடிகளைத் தாண்டிவிட்டதாக அறிவித்துக்கொள்ளும் நம் கவிஞர்களுக்கு இப்படி ஒரு மானி கிடையாது.

ஆனால் நடந்ததை நடக்காததாக்க விதிக்கு அதிகாரமில்லை. அந்த வருஷம் அக்டோபரில் காந்திநகரில் 12.79, காற்று 2.5, மறுபடி தள்ளுபடி. சில நாள் கழித்துப் பெங்களூரில் 12.82; இது செல்லும். முதலாவதைத் தெரிந்துகொண்ட கால்கள்தான் இரண்டாவதை ஓடின என்று எனக்குத் தோன்றுகிறது.