அமைதியா, உறக்கமா?



"சுவாமி, நான் ஒருவருக்கும் தீங்கு செய்வதில்லை. ஞாயிறு பூசையைத் தவறவிடுவதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக்கும் போய்வருகிறேன். மனதில் ஒரு குறையுமில்லை." இப்படிச் சொல்லும் நல்ல கத்தோலிக்கர் நம்மிடையே அநேகர். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவர்களோடு சேர்ந்து நாம் எல்லோரும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. மனச்சாட்சி அமைதியாக இருக்கிறதென்றால், அது நலமாக இருக்கிறது என்று பொருளா? அல்லது உறங்கிவிட்டது என்று பொருளா?

லொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியார் இதனை நுணுக்கமாக ஆராய்ந்தவர். 1548 ஆம் ஆண்டில் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் அங்கீகரித்த தமது 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்னும் நூலில் அவர் தரும் விளக்கம் இது: நன்மையில் வளரும் ஆன்மாவினுள் நல்ல ஆவி, கடற்பஞ்சில் நீர்த்துளி இறங்குவதுபோல் ஓசையின்றி வருகிறது. தீய ஆவியோ கல்லின்மேல் விழும் துளிபோல் ஓசையுடன் வருகிறது. தீமையை நோக்கிச் சரியும் ஆன்மாவிலோ இது நேர்மாறாகும். அங்கே தீய ஆவி திறந்திருக்கும் தன் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் சத்தமின்றி நுழைகிறது. ஆகவே மனதில் சத்தமில்லை என்பது மாத்திரம் ஒன்றையும் நிரூபிக்காது. நாம் எத்திசையில் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதையே பார்க்க வேண்டும்.

பாவம் என்று தெரிந்து செய்பவன் என்றாவது ஒருநாள் அழுவான். ஆனால் 'நான் சரியாகத்தான் இருக்கிறேன்' என்பவனுக்கு அழ ஒரு காரணமும் கிடைப்பதில்லை. ஆலயத்திலே நின்று, வாரத்தில் இருமுறை நோன்பிருப்பதையும் பத்திலொரு பங்கு கொடுப்பதையும் ஆண்டவருக்கு எடுத்துச் சொன்ன பரிசேயன் ஒரு சொல்லும் பொய்யாகச் சொல்லவில்லை. அவன் ஆண்டவரிடம் எதையும் கேட்கவில்லை. அதனால் ஒன்றும் பெறாமலே வீடு திரும்பினான்.

இந்தச் சுயதிருப்தி எங்கிருந்து பிறக்கிறது? பெற்றுக்கொண்டதை, நாமே சம்பாதித்ததாக எண்ணுவதிலிருந்து பிறக்கிறது. எமது விசுவாசம் எமக்கு எப்படி வந்தது என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1656 இல் கொழும்பும் 1658 இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. குருக்கள் துரத்தப்பட்டனர், ஆலயங்கள் பறிக்கப்பட்டன. உத்தியோகத்துக்காகப் பெயரளவில் மாறியவர்களும் உண்டு. ஆனாலும் 1687 இல் புனித யோசேவ்வாஸ் அடிகளார் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, கழுத்திலே செபமாலை அணிந்து வீடு வீடாகச் சென்றபோது, அதை அடையாளம் கண்டுகொண்டவர்கள் இருந்தார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை. வீட்டுச் செபமே அவர்களைக் காப்பாற்றியது. அந்த அடிகளாரை 2015 ஆம் ஆண்டு தை மாதம் 14 ஆம் நாள் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராகப் பிரகடனம் செய்தபோது நாம் பெருமைப்பட்டோம். பெருமைப்படுவது நியாயமே. ஆனால் தந்தை தேடிய சொத்தைக் காட்டி மகன் தன்னை உழைப்பாளி என்று சொல்லிக்கொள்ளலாமா?

நாமும் இழப்பை அறியாதவர்களல்லர். 2019 சித்திரை 21, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் செபித்துக்கொண்டிருந்தவர்கள் குண்டுவெடிப்பில் மாண்டார்கள். அடுத்த ஞாயிறு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் முழங்காலிலிருந்து பூசை கண்டோம். 2020 இல் கொள்ளைநோய் மறுபடியும் ஆலயக் கதவுகளை அடைத்தது. நற்கருணைக்காக அப்போது எமக்கிருந்த பசி உண்மையான பசி. கதவுகள் திறந்தபின் அந்தப் பசி எத்தனை வாரம் நிலைத்தது? இன்று பிரசங்கம் முடியும் வேளையில் வந்து வாசலில் நிற்கிறவர் யார்? நன்றிச் செபத்துக்கு முன்பே வாகனத்தைத் தேடிப் போகிறவர் யார்?

மாளிகாவத்தையில் வாழும் எம்மவர் நோன்பு மாதத்தில், விடியுமுன்னே அயல்வீடுகளில் விளக்கெரிவதைக் காண்பார்கள். அந்த முஸ்லிம் சகோதரர்கள் சூரியன் மறையும்வரை ஒரு துளி நீரும் பருகுவதில்லை. எமது பாட்டன் பாட்டிமாரும் நற்கருணை வாங்க, நடுநிசி முதல் தண்ணீரும் அருந்தாதிருந்தவர்களே. 1953 இல் திருச்சபை தண்ணீரை அனுமதித்தது. 1957 இல் உபவாசம் மூன்று மணித்தியாலமாயிற்று. 1964 இல் ஒரு மணித்தியாலமாயிற்று. 1966 இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், விபூதிப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாட்களையே கட்டாய ஒருசந்தி நாட்களாக வைத்தார். தவம் தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை. செபத்தாலும் பிறரன்புப் பணியாலும் அதனை நிறைவுசெய்யும்படி கேட்டார். திருச்சபை எம்மை நம்பிச் சுமையைக் குறைத்தது. குறைந்த இடத்தில் நாம் எதை வைத்தோம்?

'அப்படியானால் எந்நேரமும் பயந்து நடுங்க வேண்டுமா?' என்று கேட்பீர்கள். இல்லை. ஒவ்வொரு செயலிலும் பாவத்தைத் தேடித் தன்னை வதைப்பதும் ஒரு நோயே. சுகமில்லாத குழந்தையின் அருகில் படுத்திருக்கும் தாய், அது சற்று அசைந்தாலும் விழித்துக்கொள்கிறாள். அவளை எழுப்புவது அன்பு. ஆண்டவர் எம்மிடம் கேட்கும் விழிப்பும் அவ்விதமானதே.

இதற்கு மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள். முதலாவது, இரவில் குடும்பச் செபமாலை முடிந்ததும் ஐந்து நிமிடம் ஆத்தும சோதனை செய்யுங்கள். 'இன்று என்ன தீமை செய்தேன்?' என்பதோடு, 'செய்யக்கூடிய எந்த நன்மையைச் செய்யாமல் விட்டேன்?' என்றும் கேளுங்கள். இரண்டாவது, யாரும் கட்டளையிடாத ஒரு தவத்தை நீங்களே தெரிந்துகொண்டு, அதனால் மிஞ்சும் பணத்தை ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுங்கள். மூன்றாவது சற்றுக் கடினமானது. உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ, பிள்ளையிடமோ, வீட்டில் வேலை செய்பவரிடமோ, "சென்ற ஆண்டைவிட நான் பொறுமையுள்ளவனாக இருக்கிறேனா?" என்று கேளுங்கள். நாம் போகும் திசையை எம்முடன் வாழ்கிறவர்கள் நன்கறிவார்கள்.

அவர்கள் சொல்லும் பதில் உங்கள் மனதைச் சற்றுக் கலக்கினால், அதற்காக ஆண்டவருக்கு நன்றி கூறுங்கள். அப்பதிலோடு அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வாருங்கள்.