ஏக்கரால் வகுத்தால்

மானாவாரி விளைச்சலைப் பற்றிய பேச்செல்லாம் ஒரே கேள்வியில் தொடங்குகிறது: ஏக்கருக்கு எத்தனை மூட்டை? மழை தவறுகிறது, மண்ணில் சத்தில்லை, கடன் கிடைப்பதில்லை என்று பதிலும் உடனே வந்துவிடுகிறது. பதிலில் பொய்யில்லை. ஆனால் விளைந்ததை ஏன் ஏக்கரால் மட்டும் வகுக்கிறோம்? அதற்காகக் குனிந்த பெண்ணின் மணிக்கணக்கால் வகுத்தால் என்ன வரும்?

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலை எடுத்துக்கொள்வோம். புரட்டாசியில் விதைத்து வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கும் நிலம். உளுந்து, பாசி, கம்பு, சோளம், குதிரைவாலி. உழவுக்கு டிராக்டர் வந்து காலமாகிவிட்டது. களையெடுப்பு இன்னும் பெரும்பாலும் பெண்களின் முதுகில்தான்.

அதிலும் குதிரைவாலியின் கதை தனி. கம்பையும் சோளத்தையும் போலன்றி இதற்குக் கெட்டியான உமி உண்டு. நெல் அரைக்கும் மில் இந்தப் பொடித் தானியத்துக்குத் தோதுப்படாது. உரலில் இட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தினால்தான் உலையில் போட முடியும். சிறுதானியம் ஏன் குறைந்தது என்று கேட்டால் பசுமைப் புரட்சி, ரேஷன் அரிசி என்கிறோம். சரிதான். உலக்கையை யாரும் சொல்வதில்லை. அரிசி கிடைத்ததும் பெண்கள் அதை மூலையில் சாத்தியதை மரபை மறந்த செயலாக என்னால் பார்க்க முடியவில்லை. தங்கள் தோளுக்காக அவர்கள் எடுத்த முடிவு அது. 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது பாட்டி சமையல் என்று நிறையப் புகழ்ந்தோம். பாட்டியின் தோள்பட்டையைப் பற்றிப் பேசினோமா? ஊருக்கொரு உமி நீக்கும் இயந்திரம் வைத்தால் ஏக்கருக்கு ஒரு மூட்டைகூடக் கூடாது. ஆகவே விளைச்சல் கணக்கில் அது ஒரு முன்னேற்றமே இல்லை.

அப்படியானால் பெண்ணின் வேலையைக் குறைப்பதெல்லாம் நன்மையா? களைக்கொல்லியும் குனிவதை மிச்சப்படுத்துகிறது. கூடவே கூலியையும் கொண்டுபோகிறது. வேலை முடிந்து மடியில் கட்டிவரும் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் அதோடு கருகுகின்றன. வயலுக்குக் களை, அவள் அடுப்புக்குக் குழம்பு. இயந்திரமும் மருந்தும் வேலையைக் குறைப்பவைதான். இரண்டில் எது வேண்டும் என்று அவளைக் கேட்டார்களா என்பதே எனக்கு முக்கியம்.

கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை, பட்டா அவள் பெயரில் இல்லாதவரை. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் செய்தது, அதற்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டு. 2005இல் நாடு முழுவதற்கும் அந்த உரிமை வந்தது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடிப் பண்ணைகளில் நூற்றுக்குச் சுமார் 14தான் பெண்கள் பெயரில் இருக்கின்றன. அண்ணன் தம்பியோடு உறவு முறியக்கூடாதென்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்த பங்குகளை எந்தக் கணக்கெடுப்பு எண்ணும்? அந்தக் கையெழுத்துக்குப் பிறகு பயிர்க்கடன் கேட்கவும் அவளுக்கு இன்னொருவர் பெயர் வேண்டும். அடுத்த புரட்டாசியில் உளுந்தா குதிரைவாலியா, களைக்கு ஆளா மருந்தா என்பதைப் பட்டாக்காரர் சொல்வார்.