பெற்றவளைப் பழிக்காதீர்!



கருவறையின் இருளில் நம்மை உருவாக்கிய அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும்.

லாபுவிலும் சுற்றுத் தோட்டங்களிலும் கடை வைத்திருக்கும் நமக்கு ஊர்ப்பேச்சு காதில் விழாத நாளில்லை. உதடு பிளந்தோ, முகம் கோணியோ ஒரு குழந்தை பிறந்தால், "கிரகணத்தன்று தாய் கத்தி எடுத்தாள்" என்று பழி முழுவதையும் பெற்றவள் தலையில் ஏற்றிவிடுகிறார்கள்.

இதற்கு மார்க்கத்தில் இடமுண்டா? ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. இறப்புக்கும் அதற்கும் மக்கள் முடிச்சுப் போட்டார்கள். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் அப்போதே தெளிவாக்கினார்கள்.

மற்றொரு ஹதீதையும் சிந்தியுங்கள். பனூ பஸாரா கூட்டத்தார் ஒருவர், தம் மனைவி கறுப்புக் குழந்தை பெற்றாளென்று ஐயத்தோடு வந்தார். அவருடைய சிவப்பு ஒட்டகங்களிடையே சாம்பல் நிறக் குட்டி எப்படி வந்ததென்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். முன்னோர் வழி இழுத்திருக்கலாம் என்றார் அவர். உம் மகனுக்கும் அதுவேயாகலாம் என்று அவர் வாயை அடைத்துவிட்டார்கள்.

மருத்துவர்கள் கூறுவதையும் கேளுங்கள். கரு தரித்த மூன்றாம், நான்காம் வாரத்திலேயே முன்மூளை வலமும் இடமுமாகப் பிரிகிறது. முகத்தின் நடுப்பகுதியும் அதையொட்டியே அமைகிறது. அப்பிரிவு தடைப்பட்டால் கண்கள் நெருங்கும், மூக்குச் சப்பையாகும், உதடு பிளக்கும். இதற்கு ஹோலோபுரோசென்செபலி என்று பெயர். சுமார் 10,000 பிரசவத்துக்கு ஒன்றில் இதைக் காண்கிறார்கள். பிளந்த உதடெல்லாம் இந்நோயல்ல. பெரும்பாலானவை அறுவைச் சிகிச்சையால் சீராகிவிடும்.

இப்பிரிவை நடத்தும் ஒரு மரபணுவின் பழுதே சில குடும்பங்களில் காரணமென 1996இல் கண்டறிந்தார்கள். அது தகப்பன் வழியாகவும் வரும், தாய் வழியாகவும் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இறங்க இரண்டிலொரு வாய்ப்பு உண்டு. இறங்கினாலும் எல்லோரையும் ஒரேபோல் தாக்குவதில்லை. அதைச் சுமப்பவர் சுகமாகக் கடை நடத்திக்கொண்டிருப்பார். மேல்வரிசை நடுவே இரண்டு பல்லுக்குப் பதில் ஒரே பல் இருப்பதே சிலருக்கு அடையாளம். பாட்டனார் காலத்துப் பாக்கி பேரன் காலத்துப் பேரேட்டில் தலைகாட்டுவது வணிகர்களாகிய நமக்குப் புதிதா?

எல்லாம் பரம்பரையுமல்ல. குரோமோசோம் கோளாறாலும் வரும். கருவுறுமுன்பே தாய்க்கு நீரிழிவு இருந்தாலும் ஆபத்து கூடும். அதுவும் அவள் குற்றமன்று. முன்கூட்டியே சர்க்கரையை அடக்க அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது கணவன் கடமை.

ஆகவே சகோதரர்களே! குடும்பத்தில் இத்தகைய பிறவி இருந்தால் அவமானமென்று மறைக்காதீர்கள். அடுத்த குழந்தைக்கு முன் கணவனும் மனைவியும் சேர்ந்தே செரம்பான் துவாங்கு ஜாபர் மருத்துவமனையிலே விசாரியுங்கள். மரபியல் ஆலோசனைக்கு வழி கேளுங்கள். அக்குழந்தையைப் பட்டப்பெயரால் அழைக்காதீர்கள். ஹுஜுராத் சூறா அதைத் தடுத்திருக்கிறது. பார்வையற்ற ஸஹாபி ஒருவரை முன்னிட்டே அபஸ சூறா இறங்கியதை மறவாதீர்கள்.

பெற்றவளின் கண்ணீரைத் துடைப்பவர்களாக நம்மை அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.