தெய்வமல்லாத தந்தை

மழலைப் பருவத்துக் குழந்தைக்குத் தந்தையைப் பற்றிய படக்கதை நூலைத் தேர்ந்தெடுப்பது குழந்தை வளர்ப்பைச் சார்ந்த சிறு காரியமாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் இறைவனை அப்பனென்றும் அம்மையப்பனென்றும் அழைத்துப் பழகிய சமயச் சூழலில், தாளில் வரையப்படும் தந்தையின் முகமே குழந்தை பின்னாளில் இறைவனுக்குக் கற்பித்துக்கொள்ளும் முகமாகிவிடக்கூடும் என்பதால், அத்தேர்வில் ஒரு சமயக் கேள்வியும் அடங்கியிருக்கிறது. தந்தையைப் பிழையே செய்யாத தெய்வமாகக் காட்டும் நூலைக் கொடுப்பதா, தவறவும் கற்கவும் கூடிய மனிதனாகக் காட்டும் நூலைக் கொடுப்பதா என்பதே அது.

விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தின் சுற்றுவட்டாரம் இக்கேள்விக்கு விடை தேட ஏற்ற நிலம். ஏனெனில் அங்கு வழிபாட்டில் வாழும் கதைகளில் தந்தையர் ஒருபடித்தானவர்கள் அல்லர். கூவாகத்தில் கூத்தாண்டவராக வணங்கப்படும் அரவான், தந்தை அருச்சுனன் தரப்பின் வெற்றிக்காகக் களப்பலியானவன். பூவரசன்குப்பத்திலும் பரிக்கலிலும் கோயில்கொண்ட நரசிம்மரோ, பெற்ற மகனையே கொல்லத் துணிந்த இரணியனை அழிக்க வந்தவர். தந்தை சொல் மிக்க மந்திரமில்லை என்று கற்பிக்கும் அதே மரபு, தந்தையின் ஆணையை மீறிய பிரகலாதனைப் பக்தர்களின் முன்வரிசையில் வைத்திருப்பது தற்செயலன்று.

அதற்காக இரணியன் கதையை நான்கு வயதுக் குழந்தையின் மடியில் விரித்துவைக்கலாம் என்றாகாது. கதையைச் செவியால் கேட்கும் குழந்தை தன்னால் தாங்க முடிந்த அளவுக்கே அதைக் கற்பனை செய்துகொள்ளும். படமோ அந்த அளவை ஓவியர் கையில் ஒப்படைத்துவிடுகிறது. 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசை பிரகலாதனையும் படக்கதையாக்கியது; ஆனால் அத்தகைய நூல்கள் எழுத்தைத் தானே வாசிக்கும் வயதினருக்கு உரியவை. பூவரசன்குப்பம், பரிக்கல் ஆகிய இரு தலங்களிலும் மூலவர் இரணியனின் குடலைக் கிழிக்கும் உக்கிர வடிவில் இல்லாமல், சினம் தணிந்து திருமகளோடு வீற்றிருக்கும் லட்சுமி நரசிம்மராக இருக்கிறார். கதையில் எந்தக் கணத்தைக் கண்முன் நிறுத்துவது என்று கோயில் தேர்ந்தெடுத்திருக்கிறது; படக்கதை வெளியிடுவோர் பலருக்கு அந்த நிதானம் வாய்ப்பதில்லை.

சைவ சித்தாந்தம், அதாவது இறை, உயிர், தளை என்னும் பதி, பசு, பாசம் ஆகிய முப்பொருளை ஆராயும் தத்துவநெறி, தந்தையைத் தெய்வமாகக் காட்டலாமா என்னும் கேள்வியை வேறொரு வகையில் அணுகுகிறது. இறைவனோடு உயிர் கொள்ளும் உறவை அது நான்காக வகுக்கிறது: அடிமையின் நெறி தாச மார்க்கம், மகனின் நெறி சற்புத்திர மார்க்கம், தோழனின் நெறி சக மார்க்கம், ஞானத்தால் ஒன்றும் நெறி சன்மார்க்கம். தந்தை என்னும் உறவு இவற்றுள் ஒன்று மட்டுமே என்பதால், இறைவன் தந்தையைப் போன்றவன் என்பதிலிருந்து தந்தை இறைவனைப் போன்றவர் என்ற முடிவுக்குத் தாவ இந்நெறி இடந்தரவில்லை. இந்நெறியின் முதல்நூலாகிய சிவஞானபோதத்தை 13ஆம் நூற்றாண்டில் அருளிய மெய்கண்டார், முண்டியம்பாக்கத்துக்குத் தொலைவில் இல்லாத திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்தவர். தந்தையின் குலகுருவாகிய அருணந்தி சிவாச்சாரியாரே சிறுபிள்ளையாயிருந்த மெய்கண்டாரின் முன் தம் செருக்கழிந்து மாணவரானார் என்று மரபு கூறுகிறது. மூத்தவர் குழந்தையிடம் பணிவதை இழிவாகக் கருதாத மரபில், தந்தை தன் பிழையை ஒப்புக்கொள்ளும் படக்கதையைச் சமயத்தின் பெயரால் மறுக்க வழியில்லை.

சக மார்க்கத்துக்கு எடுத்துக்காட்டாகிய சுந்தரர் பிறந்த திருநாவலூரும் இப்பக்கத்து ஊரே. தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய குழந்தையைக் கண்டு மனம் பறிகொடுத்த சிற்றரசர் நரசிங்க முனையரையர், பெற்றவராகிய சடையனாரிடம் கேட்டுப்பெற்று அவரை வளர்த்தார் என்கிறது பெரியபுராணம். பெற்றவரும் வளர்த்தவரும் ஆகிய இருவருமே அறுபத்து மூவருள் வைத்து எண்ணப்படுகின்றனர். சடையனார் நாயனாரானதற்கு அவர் சுந்தரரின் தந்தை என்பதன்றி வேறு செயல் சொல்லப்படவில்லை. சிறுதேரும் தெருவும் இரண்டு தந்தையரும் உள்ள இக்கதை மழலையருக்கான படக்கதைக்கென்றே அமைந்தது போலிருக்கிறது. பெற்ற தந்தை உடனில்லாமல் தாத்தாவிடமோ மாமாவிடமோ வளரும் குழந்தைக்கு இது உகந்தது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

அரசுப் பள்ளிகளில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற எனச் சிறுநூல்களை வாசிப்புத் திறனுக்கேற்ப வகைப்படுத்தியது. திறனை அளப்பது எளிது. நூலில் வரும் தந்தை எத்தகையவர் என்பதை, வாசித்துக் காட்டுபவர்தான் முன்கூட்டியே புரட்டிப் பார்த்து அறிய வேண்டும். சர்க்கரை ஆலையும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ள முண்டியம்பாக்கத்தில், கரும்பு வெட்டிவிட்டுத் திரும்பும் தந்தையோ இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்கும் தந்தையோ வரும் நூல், கைப்பெட்டியோடு அலுவலகம் செல்லும் தந்தையை வரைந்த நூலினும் முந்தியே எடுக்கத்தக்கது. அந்தத் தந்தை களைத்திருப்பதாகவும், சில நேரம் எரிந்துவிழுந்துவிட்டுப் பிறகு குழந்தையிடம் வருந்துவதாகவும் படம் காட்டினால் அதை மறைத்துப் பக்கத்தைத் திருப்ப வேண்டியதில்லை.