பகல் கச்சேரி

மார்கழியில் மயிலாப்பூருக்கு நடுப்பகல் என்று தனியாக ஒரு வேளை உண்டு. மியூசிக் அகாடமியில் காலை விளக்கவுரை கேட்டவர்கள் கேன்டீன் வரிசையில் நிற்பார்கள். மாலைக்கு டிக்கெட் வாங்கியவர்கள் வீட்டைவிட்டே கிளம்பியிருக்க மாட்டார்கள். இந்த இடைவெளியில், டிக்கெட் கேட்காத அரங்கில், இருபது வயதுப் பெண் ஒருத்தி வர்ணம் எடுக்கிறாள்.

அந்த வர்ணம் மைக்காரருக்கு. வயலினைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லி விரல் மேலே போகும், மிருதங்கத்தைக் குறைக்கச் சொல்லிக் கீழே வரும். ஒலி சரியாவதற்குள் வர்ணம் முடிந்துவிடும்.

*

வேறு தேசங்களில் பெரிய குழுவுக்கு முன்னால் வாசிக்கும் சின்னக் குழு, ஊர் ஊராக அதே பத்துப் பாட்டோடு போகலாம். ஊர் மாறுகிறது, கேட்பவரும் மாறுகிறார். இங்கே அப்படியில்லை. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டோடு சென்னையில் நடந்த இசை மாநாடு, மறு வருடம் அகாடமி என்று தொடங்கி, இந்த ஊரில் கச்சேரி எல்லாம் ஒரே மாதத்துக்குள் வந்து குவிந்துவிட்டது. நாரத கான சபாவில் முன்வரிசையில் இருந்த அதே மாமாவும் மாமியும் இரண்டு நாள் கழித்து வாணி மகாலில் இருப்பார்கள். மடியில் சின்ன நோட்டு. ராகம், தாளம் எல்லாம் அதில் ஏறும். போன வாரம் பாடிய காம்போதியை இந்த வாரம் பாட முடியாது. ஊர் மாறாததால் பாட்டு மாறியாக வேண்டும். ஐந்து கச்சேரி கிடைத்த பெண் ஐந்து பிரதான ராகங்களோடு வர வேண்டும். கூட்டமோ முப்பது பேர். இது அநியாயமா, கொடுப்பினையா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

*

பக்கவாத்தியக்காரர்தான் நிஜமான யாத்ரீகர். பன்னிரண்டு மணிக்கு லஸ் பக்கம் ஒரு பையனுக்கு வாசிப்பு. அவன் சுருதி ஒரு கட்டை. பெரிய தக்கு மிருதங்கம் வேண்டும். நாலு மணிக்கு தி.நகரில் ஐந்து கட்டையில் பாடும் பெண். அதற்கு ஹெச்சு மிருதங்கம். இரண்டையும் ஆட்டோவில் ஏற்றி, ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, மெட்ரோவுக்காகத் தோண்டிய தெருக்களைச் சுற்றிப் போக வேண்டும். பையில் ரவை இருக்கும். தண்ணீரில் பிசைந்து மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பியில் அப்பி, வாசித்து, சுரண்டி எடுத்து, அடுத்த சபாவில் மறுபடி அப்ப வேண்டும்.

இவ்வளவு சுமந்து வந்தவருக்குத் தனி ஆவர்த்தனம் ஏழெட்டு நிமிடம். அப்போது பார்த்துத்தான் பலருக்குக் காபி ஞாபகம் வருகிறது. எழும்போது கிறீச்சிடும் அந்த மடக்கு நாற்காலிகளுக்கு யாராவது எண்ணெய் போட்டால் புண்ணியம்.

*

பகல் கச்சேரிக்கு ஒன்றரை மணி நேரம். ஆலாபனையில் ஒரு பிடி நன்றாக வந்துவிட்டால் அதிலேயே நிற்க ஆசை வரும். நின்றால் தனிக்கு நேரமில்லை. திரைக்குப் பின்னால் அடுத்த கோஷ்டி சுருதி சேர்க்கும் சத்தம் வேறு. எதை விடுவது என்பதைப் பகலில்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். மாலையில் இரண்டரை மணி நேரம் கிடைத்ததும் சிலர் அதை மறந்தும் போகிறார்கள்.

*

இளையவர்களைத் தேற்ற ஒரு கதை சொல்வார்கள். 1928இல் கபாலீசுவரர் கோயில் வசந்த உற்சவத்தில் முசிறி சுப்பிரமணிய ஐயர் பாட முடியாமல்போக, பின்னாளில் பெரும் பாடகரான ஜி.என்.பி. பதினெட்டு வயதில் அங்கே உட்கார்ந்தார். உண்மைதான். ஆனால் அவர் உட்கார்ந்தது முசிறியின் இடத்தில்; முசிறிக்காக வந்த கூட்டமும் எதிரே இருந்தது. பகலில் பாடுபவருக்கு மாலை வித்வானின் ஜமக்காளம் கிடைக்கும், மைக் கிடைக்கும், ரசிகர்கள் கிடைக்க மாட்டார்கள்.

*

மங்களம் முடிந்து, தம்புராப் பெட்டியை அணைத்து, படியிறங்கும்போது நோட்டோடு ஒரு மாமா வழிமறிக்கிறார்.

"காம்போதி நன்னா பாடினேம்மா. நாளைக்கு அடையார்லயும் அதேதானா?"

"இல்ல மாமா. அங்க தோடி."

"அப்ப வரேன்."