நினைவு தளர்ந்தவரை நினைப்பவன்

2021-ஆம் ஆண்டில் கொரோனா நோயினால் மருத்துவமனையில் கிடந்து மீண்டவர்களிற் பலர், இல்லம் திரும்பிய பின்னும் முற்றும் தேறினாரில்லை. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கிற்று. நித்தியம் அநுசந்தித்த திருப்பாவை பாதியில் மறந்தது. பக்தி குறைந்ததோ என்று அவர்கள் கலங்கினர். அன்று, அது நோயின் சேஷமே, மாதக்கணக்கில் நீடிப்பதுமுண்டு என்பர் வைத்தியர். உலக சுகாதார நிறுவனம் அவ்வாண்டு அக்டோபரில் அதற்கு வரையறையே வகுத்தது.

வராஹ சரம சுலோகத்தில் எம்பெருமான் பூமிப்பிராட்டிக்கு அருளியது யாது? மனமும் சரீரமும் நலமாயிருந்த காலத்தில் தன்னை நினைத்தவன் கட்டைபோல் கிடக்கையில், தானே அவனை நினைப்பதாக அன்றோ! அது அந்திம தசையைக் குறித்தது. ஆயினும் அத்தயை இத்தளர்ச்சிக்கு எட்டாதோ? ஆகவே உபவாசத்தையும் நெடிய பிரதக்ஷிணத்தையும் வைத்தியர் இசையும்வரை நிறுத்தி வையுங்கள். ஒரு பாசுரம் வாய்க்கு வந்தால் போதும். வாராவிடில், அருகிலிருப்பவர் சேவிக்கக் கேட்டிருங்கள்.